டிஸ்மிஸ் செய்ய ஆயிரம் தடை... டிரான்ஸ்பருக்கு ஒரு பேப்பர் போதும்! அதிகாரிகள் வேலைக்கு பூட்டு எந்த கதவில்?

மதுரை மாவட்டம் மேலூர், கீழவளவு பக்கம் பஸ்சில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் போதும். பாதி வெட்டிய மலைகளும், தண்ணீர் நிற்கும் பள்ளங்களும் கண்ணில் படும். கிரானைட் எடுத்த இடங்கள். இந்த மலைகளுக்கும், "அரசு அதிகாரியை வேலையில் இருந்து நீக்குவது எப்படி?" என்ற கேள்விக்கும் நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது.

2012-ம் ஆண்டு மே மாதம். மதுரை கலெக்டராக இருந்த சகாயம் அரசுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிரானைட் குவாரிகளில் நடந்த முறைகேட்டால் அரசுக்கு 16 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்பதுதான் அதன் சாரம்.

அதே மாதத்தில் அவருக்கு உத்தரவு வந்தது. கோ-ஆப்டெக்ஸ் நிர்வாக இயக்குனராக இடமாற்றம்! கலெக்டர் நாற்காலியில் அவர் இருந்தது ஒன்றே கால் வருடம் கூட முழுசாக இல்லை.

அவரை யாரும் டிஸ்மிஸ் செய்யவில்லை. சஸ்பெண்டு செய்யவில்லை. மெமோ கூட கிடையாது. கடிதம் எழுதியதற்காகத்தான் மாற்றினார்கள் என்று எந்த உத்தரவிலும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. அதுதான் விஷயமே!

சட்டம் போட்ட பூட்டு

அரசு வேலை என்றால் "கால் காசானாலும் கவர்ன்மெண்ட் காசு" என்று ஊரில் சொல்வார்கள். ஒரு தடவை உள்ளே போய்விட்டால் யாராலும் அசைக்க முடியாது என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு காரணம் அரசியல் சட்டத்தின் 311-வது பிரிவு.

அதற்கு முந்தைய 310-வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? மத்திய அரசு ஊழியர் ஜனாதிபதி விரும்பும் வரையிலும், மாநில அரசு ஊழியர் கவர்னர் விரும்பும் வரையிலும்தான் வேலையில் இருக்கலாம் என்கிறது. வெள்ளைக்காரன் காலத்து வாசகம். அதை மட்டும் வைத்தால் எவரையும் எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு அனுப்பலாம்.

அந்த கதவுக்குத்தான் 311 பூட்டு போடுகிறது. அதன்படி:-

வேலைக்கு வைத்த அதிகாரியை விட கீழே உள்ளவர் டிஸ்மிஸ் செய்ய முடியாது. என்ன குற்றச்சாட்டு என்று எழுத்தில் சொல்ல வேண்டும். விசாரணை நடத்த வேண்டும். ஊழியர் தன் பக்க நியாயத்தை சொல்ல வாய்ப்பு தர வேண்டும். அதற்கு பிறகுதான் டிஸ்மிஸ், பதவி நீக்கம், பதவி இறக்கம் எல்லாம்.

இதற்கு மூன்று விதிவிலக்கு உண்டு. கிரிமினல் வழக்கில் தண்டனை பெற்றவர், விசாரணை நடத்தவே முடியாத சூழ்நிலை, நாட்டின் பாதுகாப்பு. இந்த மூன்று காரணங்களுக்காக விசாரணை இல்லாமலே நீக்கலாம் என்று 1985-ல் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது.

ஐ.ஏ.எஸ். அதிகாரி என்றால் பூட்டு இன்னும் பெரிது. மாநில அரசு அவரை சஸ்பெண்டு செய்யலாம். ஆனால் டிஸ்மிஸ் செய்யும் அதிகாரம் மத்திய அரசுக்கு மட்டும்தான். அதற்கும் யு.பி.எஸ்.சி.யிடம் கருத்து கேட்க வேண்டும்.

இந்த பாதுகாப்பு எதுக்கு?

"நம்மள மாதிரி கூலி ஆளுக்கு இல்லாத பாதுகாப்பு அவங்களுக்கு மட்டும் ஏன்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

1949 அக்டோபரில் அரசியல் நிர்ணய சபையில் இதே கேள்வி வந்தது. வெள்ளைக்காரனுக்கு வேலை பார்த்த ஐ.சி.எஸ். அதிகாரிகளுக்கு எதற்கு உத்தரவாதம் என்று சிலர் கொதித்தார்கள். பதில் சொன்னவர் வல்லபாய் பட்டேல். மனதில் பட்டதை பயமில்லாமல் எடுத்துச் சொல்லும் அதிகாரிகள் இல்லாவிட்டால் இந்த நாடு ஒன்றாக நிற்காது என்று வாதாடினார்.

அதாவது, மந்திரி தப்பான பைலை நீட்டினால், "இது சட்டப்படி முடியாதுங்க" என்று சொல்ல ஒருவர் வேண்டும். அப்படி சொன்னால் சாயங்காலமே வேலை போய்விடும் என்றால் எவர் சொல்வார்? பாதுகாப்பு கொடுத்தது அதிகாரியின் சொகுசுக்காக இல்லை. அந்த "முடியாது" என்ற ஒரு வார்த்தைக்காக.

பாதுகாப்பு இல்லாத காலம் எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்கா உதாரணம். 19-ம் நூற்றாண்டில் அங்கே புது ஜனாதிபதி வந்தால் பழைய அரசு ஊழியர்கள் கூட்டம் கூட்டமாக போவார்கள். கட்சிக்காரர்கள் உள்ளே வருவார்கள். 1881-ல் ஜனாதிபதி கார்பீல்டு சுடப்பட்டார். சுட்டவன், தேர்தலில் உழைத்த தனக்கு பதவி கிடைக்கவில்லை என்ற ஆத்திரத்தில் இருந்தவன். நாடே அதிர்ந்தது. 1883-ல் தகுதி பார்த்துத்தான் வேலை என்று சட்டம் வந்தது.

அதே அமெரிக்காவில் இப்போது காற்று திரும்பி அடிக்கிறது. கொள்கை முடிவில் பங்கு வகிக்கும் ஊழியர்களின் வேலை பாதுகாப்பை எடுத்துவிட 2020 அக்டோபரில் டிரம்ப் உத்தரவு போட்டார். 2021-ல் பைடன் வந்ததும் ரத்து செய்தார். 2025 ஜனவரியில் டிரம்ப் மறுபடி பதவி ஏற்ற நாளிலேயே அந்த உத்தரவை தூசு தட்டி எடுத்தார். சுமார் 50 ஆயிரம் பணியிடங்கள் இதில் வரும் என்று அந்நாட்டு அரசே 2025 ஏப்ரலில் கணக்கு சொன்னது. வேலை செய்யாதவர்களை, அரசின் கொள்கைக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களை நீக்க வழி வேண்டும் என்பது ஒரு தரப்பு வாதம். ஆமாம்சாமிகள் மட்டும்தான் மிஞ்சுவார்கள் என்பது எதிர்தரப்பு வாதம்.

பூட்டை உடைக்கவே வேண்டாம்!

நம்ம நாட்டில் இந்த சண்டையே தேவைப்படவில்லை. காரணம், முன்கதவை பூட்டிவிட்டு பின்கதவை திறந்தே வைத்திருக்கிறோம். அந்த பின்கதவுக்கு பெயர்தான் டிரான்ஸ்பர்.

இடமாற்றம் சட்டப்படி தண்டனை இல்லை. சம்பளம் குறையாது. கிரேடு குறையாது. அதனால் 311 பக்கத்தில் கூட வராது. விசாரணை வேண்டாம். காரணம் சொல்ல வேண்டாம். "நிர்வாக நலன் கருதி" என்று ஒரு வரி போதும்.

அரியானாவில் அசோக் கெம்கா என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி இருந்தார். 1991-ம் ஆண்டு பேட்ச். 2012-ல் ராபர்ட் வதேரா சம்பந்தப்பட்ட நில விற்பனையின் பட்டா மாற்றத்தை ரத்து செய்து நாடு முழுவதும் பேசப்பட்டவர். 2025 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். 34 வருட வேலையில் அவர் பார்த்த இடமாற்றம் 57. ஆட்சிகள் மாறின. கட்சிகள் மாறின. அவர் பெட்டி கட்டுவது மட்டும் மாறவில்லை.

உத்தரபிரதேசத்தில் 2013 ஜூலையில் துர்கா சக்தி நாக்பால் என்ற இளம் பெண் அதிகாரி சஸ்பெண்டு செய்யப்பட்டார். மணல் கொள்ளையர்களை விரட்டிப் பிடித்தவர் அவர். நாடே கொந்தளித்தது. இரண்டு மாதத்தில் சஸ்பெண்டு வாபஸ் ஆனது. அவருக்கு டி.வி. வெளிச்சம் கிடைத்தது. கிடைக்காதவர்கள் எத்தனை பேரோ!

இந்த பின்கதவுக்கும் பூட்டு போட வேண்டும் என்று 83 ஓய்வு பெற்ற அதிகாரிகள் சுப்ரீம் கோர்ட்டுக்கு போனார்கள். முன்னின்றவர் மத்திய கேபினட் செயலாளராக இருந்த டி.எஸ்.ஆர்.சுப்பிரமணியன். 2013 அக்டோபர் 31-ந் தேதி தீர்ப்பு வந்தது. முக்கியமாக மூன்று விஷயம்:-

ஒன்று, இடமாற்றத்துக்கு சிபாரிசு செய்ய சிவில் சர்வீஸ் போர்டு அமைக்க வேண்டும். இரண்டு, ஒரு இடத்தில் இத்தனை காலம் என்று குறைந்தபட்ச பதவிக்காலம் வேண்டும். மூன்று, வாய் வார்த்தையாக வரும் உத்தரவை அதிகாரி செயல்படுத்தக் கூடாது. எழுத்தில் பதிவு செய்ய வேண்டும்.

2014 ஜனவரியில் விதியும் வந்தது. ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒரு பதவியில் குறைந்தது 2 வருடம் இருக்க வேண்டும். முன்னாடியே மாற்ற வேண்டுமானால் போர்டு காரணம் பார்க்க வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த போர்டுக்கு தலைவர் தலைமைச் செயலாளர். தலைமைச் செயலாளரை தேர்ந்தெடுப்பது ஆட்சியில் இருப்பவர்கள். போர்டு சொன்னதை காரணம் எழுதி தள்ளிவிடவும் அரசுக்கு வழி உண்டு. பூட்டு இருக்கு... சாவி யார் கையில்?

கீழே இருப்பவருக்கு ஒரே ராத்திரி

பூட்டு எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்கிறதா என்றால் அதுவும் இல்லை. தமிழ்நாட்டில் 2003 ஜூலையை அரசு ஊழியர் குடும்பங்கள் மறக்கவே மாட்டார்கள்.

பென்சன் உள்ளிட்ட சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா அரசு எஸ்மா சட்டத்தை கையில் எடுத்தது. சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேர் கூண்டோடு டிஸ்மிஸ்! தனித்தனி குற்றச்சாட்டு இல்லை. தனித்தனி விசாரணை இல்லை. காலையில் கிளார்க்காக இருந்தவர் மாலையில் வேலை இல்லாதவர் ஆனார்.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு போனது. 2003 ஆகஸ்டு 6-ந் தேதி தீர்ப்பு. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்று கோர்ட்டு அடித்துச் சொன்னது. மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்து பெரும்பாலானவர்கள் வேலைக்கு திரும்பினார்கள். 2004 பாராளுமன்ற தேர்தலில் அ.தி.மு.க. படுதோல்வி அடைந்த பிறகு, எடுத்த நடவடிக்கைகளை அரசே வாபஸ் பெற்றது.

அந்த 1 லட்சத்து 70 ஆயிரம் பேரில் பென்சன் கொள்கையை வகுத்தவர் யாராவது உண்டா? கிளார்க்கும், வாத்தியாரும், டிரைவரும் கொள்கை முடிவு எடுப்பதில்லை. முடிவு எடுப்பது கோட்டையில். வேலை போனது தாலுகா ஆபீசில்.

தப்பு செய்தவர் தப்பிப்பது எப்படி?

இனி மறுபக்கம். நேர்மையானவருக்கு பயன்படாத பூட்டு, நேர்மை இல்லாதவருக்கு நன்றாகவே பயன்படுகிறது.

தமிழ்நாட்டு அரசு ஆபீசில் "17(பி) கொடுத்துட்டாங்க" என்றால் எல்லோருக்கும் புரியும். பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு மெமோ. அதற்கு பதில், பிறகு விசாரணை அதிகாரி, பிறகு அறிக்கை, பிறகு மறுபடி விளக்கம், பிறகு அப்பீல், பிறகு ஐகோர்ட்டு. நடுவில் விசாரணை அதிகாரியே டிரான்ஸ்பர் ஆகிவிடுவார்! சஸ்பெண்டில் இருப்பவருக்கு பிழைப்பூதியம் என்று முதலில் பாதி அளவு பணம் போகும். வேலை பார்க்காமலே வீட்டுக்கு வரும் அரசாங்க பணம் அது.

இதை இழுத்தடிக்க கூடாது என்று 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு முடிவு சொன்னது. மூன்று மாதத்துக்குள் குற்றச்சாட்டை கொடுக்காவிட்டால் சஸ்பெண்டை நீட்டிக்க கூடாது என்றது. நியாயமான ஊழியருக்கு நல்லது. ஆனால் வேண்டுமென்றே மெமோவை தாமதப்படுத்தி வேண்டியவரை உள்ளே கொண்டு வரவும் இதே வழி உதவும்.

லஞ்ச வழக்கிலும் மேல், கீழ் பார்த்தார்கள். இணை செயலாளர் அந்தஸ்து, அதற்கு மேல் உள்ள மத்திய அரசு அதிகாரிகளை விசாரிக்க சி.பி.ஐ. முன்அனுமதி வாங்க வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. 2014 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டின் 5 நீதிபதிகள் அதை தூக்கி எறிந்தார்கள். ஊழலில் பெரிய அதிகாரி, சின்ன அதிகாரி என்று பிரிக்க முடியாது என்பது தீர்ப்பு.

2018-ல் ஊழல் தடுப்பு சட்டத்தை திருத்தி 17ஏ என்ற புது பிரிவை கொண்டு வந்தார்கள். அரசு ஊழியர் தன் பதவியில் எடுத்த முடிவு, செய்த சிபாரிசு பற்றி விசாரிக்க வேண்டுமானால் அரசின் முன்அனுமதி வேண்டும். கையும் களவுமாக பிடிபட்டால் மட்டும் அனுமதி வேண்டாம். இதை எதிர்த்தும் சுப்ரீம் கோர்ட்டுக்கு வழக்கு போனது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பட்டா மாற்ற 2 ஆயிரம் ரூபாய் வாங்கும் கிராம நிர்வாக அதிகாரி பவுடர் தடவிய நோட்டில் மாட்டுவார். கை கழுவினால் தண்ணீர் நிறம் மாறும். அன்றைக்கே கைது. கோடிக்கணக்கில் நஷ்டம் வரும் பைலில் கையெழுத்து போட்டவர் கையில் பவுடர் ஒட்டாது. அவரை தொட முதலில் அனுமதி வேண்டும்.

கையெழுத்து போடவே பயம்

அப்படியானால் 17ஏ முழுக்க தப்பா? அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

மத்திய நிலக்கரி துறை செயலாளராக இருந்தவர் எச்.சி.குப்தா. நிலக்கரி சுரங்க ஒதுக்கீடு வழக்குகளில் சிக்கினார். 2016-ல், பண வசதி இல்லை, ஜெயிலில் இருந்தே வழக்கை சந்திக்கிறேன் என்று கோர்ட்டிலேயே சொன்னார். 2017-ல் ஒரு வழக்கில் 2 வருட ஜெயில் தண்டனை. வேறு சில வழக்குகளிலும் தண்டனை, சிலவற்றில் விடுதலை. அவர் நேர்மையானவர் என்று ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் பலர் வெளிப்படையாகவே பரிந்து பேசினார்கள்.

அந்த வழக்குகளுக்கு பிறகு டெல்லியில் பைல்கள் நகர மறுத்தன. "கையெழுத்து போட்டால்தானே வம்பு? போடாமலே இருந்துடலாம்" என்ற எண்ணம் அதிகாரிகளிடம் வந்தது என்பார்கள். முடிவு எடுக்காத அதிகாரியை எந்த சட்டமும் தண்டிப்பதில்லை. ஆனால் மருத்துவமனைக்கு மருந்து வாங்கும் பைலும், பாலம் கட்டும் பைலும் அந்த மேஜையில்தான் கிடக்கிறது. 17ஏ வந்ததற்கு சொல்லப்பட்ட காரணம் இதுதான்.

நிரந்தர அதிகாரிகள் சரிப்படவில்லை என்றால் வெளியில் இருந்து ஆள் எடுக்கலாம் என்று 2018-ல் மத்திய அரசு ஒரு வழி பார்த்தது. தனியார் துறை நிபுணர்கள் நேரடியாக இணை செயலாளர்! 3 வருட ஒப்பந்தம், 5 வருடம் வரை நீட்டிப்பு. 2024 ஆகஸ்டில் இப்படி 45 இடத்துக்கு விளம்பரம் வந்தது. இட ஒதுக்கீடு எங்கே என்று எதிர்ப்பு கிளம்பியதும் மூன்றே நாளில் வாபஸ். 5 வருடத்தில் போகப்போகிறவர் போட்ட கையெழுத்துக்கு 10-வது வருடம் யார் பதில் சொல்வது என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

திங்கட்கிழமை கூட்டம்

இதெல்லாம் கோட்டை விவகாரம், நமக்கென்ன என்று விட்டுவிட முடியாது. திங்கட்கிழமை எந்த கலெக்டர் ஆபீசுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். குறைதீர்க்கும் நாள். கையில் மனுவோடு வரிசை. "போன கலெக்டர்கிட்ட கொடுத்தேன். பார்க்கிறேன்னு சொன்னாரு. அவரு மாறிப் போயிட்டாரு" என்ற குரல் எந்த மாவட்டத்திலும் கேட்கும். கலெக்டர் மாறினால் மனு மறுபடி ஒன்றாம் நம்பரில் இருந்து தொடங்கும். பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போச்சு.

அதிகாரிக்கு நிலையான காலம் இருந்தால்தான், "நீங்கதானே சொன்னீங்க, செய்யலையே?" என்று அவரையே பிடித்துக் கேட்க முடியும். பாதுகாப்பும் பொறுப்பும் எதிரெதிர் இல்லை. ஒரே மாட்டு வண்டியின் இரண்டு மாடு.

மக்கள் கையிலும் ஒரு ஆயுதம் இருக்கிறது. 2005-ல் வந்த தகவல் உரிமை சட்டம். "என் மனு எந்த தேதியில் எந்த அதிகாரி மேஜைக்கு போனது, அவர் என்ன குறிப்பு எழுதினார்?" என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25 ஆயிரம் வரை அபராதம். அரசாங்க பணம் இல்லை, அவர் சொந்த பணம்! பெயர் சொல்லி, பாக்கெட்டில் கை வைக்கும் சட்டம் இது. பொறுப்பு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் இங்கேயும் மாட்டுவது பெரும்பாலும் தகவல் அலுவலராக உட்கார்ந்திருக்கும் கீழ்மட்ட அதிகாரிதான். முடிவு எடுத்தவர் இல்லை.

வழக்கு போடவும் இப்போது ஒரு கதவு திறந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்ற நடைமுறை சட்டத்தின்படி, அதிகாரி மீது வழக்கு தொடர அனுமதி கேட்டால் 120 நாளில் அரசு முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே அர்த்தம். பைலை அமுக்கி வைக்கும் பழைய தந்திரம் இனி அவ்வளவு சுலபம் இல்லை.

செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வாய் உத்தரவை நிறுத்தி, சொன்னவர் பெயர் பைலில் ஏற வேண்டும். 2 வருடத்துக்கு முன் மாற்றினால் காரணத்தை வெளியே சொல்ல வேண்டும். 17(பி) விசாரணைக்கு கெடு வைத்து, கெடு தாண்டினால் விசாரணை அதிகாரி பதில் சொல்ல வேண்டும். சுப்ரீம் கோர்ட்டு 2013-லேயே பாதியை சொல்லிவிட்டது.

மலை திரும்பி வருமா?

மறுபடி மேலூருக்கே வருவோம். 2014 செப்டம்பரில் சென்னை ஐகோர்ட்டு கிரானைட் முறைகேட்டை விசாரிக்க சட்ட ஆணையராக நியமித்தது யாரை தெரியுமா? அதே சகாயத்தை! 2015 செப்டம்பரில் நரபலி புகார் பற்றி தோண்டிப் பார்க்க வேண்டி வந்தபோது, ஆதாரத்தை யாரும் கலைத்துவிடக் கூடாது என்று சுடுகாட்டிலேயே ராத்திரி படுத்து காவல் காத்தார். 2015 நவம்பரில் அறிக்கை கொடுத்தார். இழப்பு ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்றது அது.

2012-ல் 16 ஆயிரம் கோடி. 2015-ல் ஒரு லட்சம் கோடி. இரண்டு கணக்கையும் எழுதிய அதிகாரி, பதவிக்காலம் முடிவதற்கு முன்பே விருப்ப ஓய்வு கேட்டு 2021 ஜனவரியில் வேலையை விட்டு வெளியே வந்துவிட்டார்.

அவர் வேலையை சட்டம் கடைசி வரை பத்திரமாக பாதுகாத்தது. அவர் வெட்டக் கூடாது என்று சொன்ன மலையை யார் பாதுகாத்தார்கள்? அந்த வருடங்களில் குவாரிக்கு அனுமதி பைல்களில் கையெழுத்து போட்ட ஒவ்வொரு அதிகாரியின் பெயரும் ஏதோ ஒரு ஆபீஸ் அலமாரியில் தூங்குகிறது. அதை எழுப்பும் வரை, மேலூர் பக்கம் பஸ்சில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக பள்ளத்தைத்தான் பார்த்துக்கொண்டு போக வேண்டும்.